பங்காளியா, அத்தை வழியா? நன்னிலம், காரைக்கால் குடும்பங்கள் இரண்டின் வம்சாவளி ஆய்வு

நன்னிலம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் சிவன் கோயில் மடைப்பள்ளிக்குத் தலைமுறை தலைமுறையாகச் சட்டிபானை கொடுத்துவந்த வேளார் குடும்பம் ஒன்றுக்கும், காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றுப் பக்கம் அதே தொழிலைச் செய்துவந்த இன்னொரு குடும்பத்துக்கும் இடையே சம்பந்தப் பேச்சு எழுந்தது. சாதகம் பொருந்தியது, இரு வீட்டாருக்கும் மனமும் ஒப்பியது. பூ வைக்க நாள் பார்க்கும் வேளையில், நன்னிலத்து மாப்பிள்ளையின் தந்தைக்கு அத்தையாகும், எண்பது வயதைக் கடந்த மூதாட்டி குறுக்கிட்டார். “அவங்க நமக்குப் பங்காளி. அவங்க வீட்டுச் சாவுக்கு நாம தீட்டுக் காத்திருக்கோம். அண்ணன் தங்கச்சி முறையில கல்யாணம் பண்ணுவாங்களா?” என்பது அவர் வாதம்.

சட்டம் இங்கே குறுக்கே நிற்கவில்லை. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் விலக்கும் சபிண்ட உறவு, அதாவது நெருங்கிய இரத்த உறவு, தந்தை வழியில் ஐந்து தலைமுறையோடும், தாய் வழியில் மூன்று தலைமுறையோடும் முடிந்துவிடுகிறது. இரு குடும்பங்களுக்கும் பொதுவான மூதாதை ஒருவர் இருந்தாலும் அவர் அந்த எல்லைக்கு வெகு அப்பால் இருப்பவர். ஆனால் டெல்டாவில் பங்காளி முறைக்குத் தலைமுறைக் கணக்கு கிடையாது. ஒரே ஆண் வழியில் வந்தவர்கள் பத்துத் தலைமுறை தள்ளி நின்றாலும் உடன்பிறந்தார்தாம். பெண் வழியில் பிரிந்தவர்கள் மறு தலைமுறையிலேயே கொள்வினை கொடுப்பினைக்கு உரியவர்கள். ஆகவே விடை காணவேண்டிய கேள்வி குறுகியதாக இருந்தது. இரு குடும்பங்களும் ஓரூரிலிருந்து கிளைத்தவை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கிளைத்தது மகன் வழியிலா, மகள் வழியிலா என்பது மட்டுமே தெரியவேண்டியிருந்தது. இவ்வளவு குறுகிய கேள்வியோடு வம்சாவளி தேட என்னிடம் வருகிறவர்கள் அரிது. பெரும்பாலோர் “எங்கள் பூர்வீகம் என்ன” என்று கேட்டு வருவார்கள். அந்தக் கேள்விக்கு எந்தப் பதிவேட்டிலும் நேரான விடை இராது.

இரு வீட்டாரும் கேட்டுக்கொண்டபடி ஊர்ப் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன. ஆட்பெயர்களும் மாற்றுப்பெயர்களே. நன்னிலத்துக் குடும்பத்தில் மூத்த ஆண்பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்கள் மாறி மாறி வந்திருக்கின்றன. அவற்றை வைத்தியநாதன், முத்துக்குமாரன் என்று இங்கே வழங்குகிறேன்.

கையில் இருந்த வம்சாவளிப் பட்டியல்

மூதாட்டியின் பேச்சுக்கு ஆதாரமாக ஒரு காகிதமும் இருந்தது. 1963ஆம் ஆண்டின் சிறு இனாம்கள் ஒழிப்புச் சட்டத்தின்படி, மடைப்பள்ளி ஊழியத்துக்காக இக்குடும்பம் அனுபவித்துவந்த ஆறு மா மானிய நிலம், அதாவது ஏறத்தாழ 2 ஏக்கர், விசாரணைக்கு வந்தபோது, நன்னிலத்தாரும் காரைக்காலாரும் சேர்ந்து தாக்கல் செய்த மனுவின் படி அது. மனுவோடு இணைத்த வம்சாவளிப் பட்டியலில் மூதாதை முத்துக்குமாரனுக்கு வைத்தியநாதன் ஒரே மகன் என்றும், வைத்தியநாதனுக்குப் பெரிய முத்துக்குமாரன், சின்ன முத்துக்குமாரன் என இரண்டு மகன்கள் என்றும், பெரியவர் வழி நன்னிலத்தார், சின்னவர் வழி காரைக்காலார் என்றும் இருந்தது. கையெழுத்துகள், சாட்சிகள், கிராமக் கணக்கரின் ஒப்பம் எல்லாம் முறையாக இருந்தன. இப்பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டால் மூதாட்டி சொன்னது சரி. பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இத்தகைய பட்டியல்களைப் படிக்கும்போது, இது எதற்காக எழுதப்பட்டது, இதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்று முதலில் பார்க்கவேண்டும். ஊழிய மானியத்தில் உரிமை கோருகிறவர் தாம் பரம்பரையாக அந்த ஊழியத்துக்கு உரியவர் என்று காட்டியாகவேண்டும். ஆண் வழிப் பட்டியல் நேராக இருந்தால் விசாரணை சிக்கலின்றி நகரும். மகள் வழியில் பங்கு வந்தது என்றால் அது எப்படி வந்தது, எப்போது வந்தது என்று கேள்விமேல் கேள்வி எழும். இரு தரப்பும் ஒற்றுமையாக இருந்ததால் மறுத்துச் சொல்ல ஆளும் இல்லை. யாரும் எதிர்க்காத பட்டியலை அதிகாரி ஆராய்ந்திருப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. இக்காரணங்களால் பட்டியல் பொய் என்று ஆகிவிடாது. ஆனால் தனித்து நிற்கும் சான்றாக அதைக் கொள்ளவும் முடியாது.

உடன்பிறந்தார் இருவருக்கு ஒரே பெயர் இருப்பது மட்டும் ஐயத்துக்குப் போதிய காரணமாகாது. நேர்த்திக்கடன் காரணமாகப் பெரிய, சின்ன என்ற அடைமொழியோடு ஒரே சாமி பெயரை இரண்டு பிள்ளைகளுக்கும் வைப்பது நம் ஊர்களில் உண்டு. எனக்கு உறுத்தியது அடுத்த தலைமுறைகளின் பெயர்கள்தாம். மூத்த மகனுக்குத் தந்தையின் தந்தை பெயரை இடுவது இரு வீட்டிலும் தவறாத வழக்கம். அவ்வாறாயின் சின்ன முத்துக்குமாரனின் மூத்த மகன் வைத்தியநாதனாக இருக்கவேண்டும். அதே பட்டியலில் அவர் சிதம்பரம். அவருடைய மூத்த மகன் முத்துக்குமாரன், அவருக்கு அடுத்தவர் மீண்டும் சிதம்பரம். நன்னிலத்தில் வைத்தியநாதனும் முத்துக்குமாரனும் மாறி மாறி வர, காரைக்காலில் சிதம்பரமும் முத்துக்குமாரனும் மாறி மாறி வந்திருக்கிறார்கள். இன்றுவரை காரைக்கால் வீட்டில் ஒரு வைத்தியநாதன்கூட இல்லை. மனு எழுதியவர்கள் மேல்நிலைத் தலைமுறையை ஒழுங்குசெய்தார்கள். தங்கள் தந்தையர் பெயரை அவர்களால் மாற்ற முடியவில்லை.

அத்தைப் பாட்டியின் நினைவு

மூதாட்டியிடம் உறவைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டு, அந்தத் தீட்டைப் பற்றி மட்டும் பல அமர்வுகளில் கேட்டுவந்தேன். “அவர்கள் உங்களுக்கு என்ன வேண்டும்” என்று கேட்டால் பெரியவர்கள் முடிந்த முடிவாக ஒரு சொல்லைத் தருவார்கள். “அன்று அடுப்பு எரிந்ததா, யார் சமைத்தார்கள், கோயிலுக்கு யார் போனார்கள்” என்று கேட்டால் நடந்ததைத் தருவார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது நடந்ததையே நம்பலாம் என்பது என் அனுபவம்.

அவர் நினைவில் இருந்த தீட்டு ஒன்றே ஒன்று. அவருக்குப் பத்து வயது. பெரும் புயலடித்த ஆண்டு. காரைக்காலில் சின்ன முத்துக்குமாரனின் பேரன் இறந்துபோனார். புயலின் காலத்தை நிறுவுவது எளிது. 1952 நவம்பர் 30ஆம் நாள் நாகப்பட்டினம் அருகே கரை கடந்த புயல் அது. நந்தன வருஷம், கார்த்திகை மாதம். தீபத்தை ஒட்டிய நாட்கள். வேளார் வீடுகளுக்கு அகல் விளக்கு விற்கும் பருவம். சூளையில் அடுக்கியிருந்த அகல் முழுவதும் வேகாமலே நனைந்து களிமண்ணாகத் திரும்பிப்போனதை மூதாட்டி விரல்களைக் குவித்தும் விரித்தும் காட்டிச் சொன்னார். அப்போது காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. மரங்கள் விழுந்து சாலை அடைபட்டுக் கிடந்ததால், எல்லைச் சுங்கச் சாவடியைத் தாண்டிச் சாவுச் செய்தி வந்து சேரவே இரண்டு நாள் ஆயிற்று.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் இந்த ஆய்வுக்கு வழிகாட்டியது. புயலில் மடைப்பள்ளிக் கூரை சரிந்து உள்ளிருந்த பாத்திரங்கள் நொறுங்கிவிட்டன. கோயில் மெய்க்காவல் வந்து அவசரமாகச் சட்டி கேட்டார். வீட்டில் மழைக்கு முன்பே சுட்டுப் பரணில் ஏற்றியிருந்த பானைகள் கொஞ்சம் தப்பியிருந்தன. “அப்பா தலைக்குக் குளிச்சுட்டு வந்து, கூடையில வைக்கோல் போட்டு அடுக்கி, நான் கூடவே போய்க் குடுத்துட்டு வந்தோம். ஊரெல்லாம் இன்னும் மரம் வெட்டிக்கிட்டிருந்தாங்க.” சாவுச் செய்தி வந்து எத்தனை நாள் கழித்து என்று கேட்டதற்கு, மூன்றாம் நாளோ நான்காம் நாளோ என்றார். மார்கழி பிறந்துவிட்டதா என்றதற்கு, இல்லை என்று உறுதியாகச் சொன்னார். மார்கழி பிறந்தபோது விடியற்காலைப் பொங்கலுக்குத் தனியாகப் பானை கொடுத்ததும் அவருக்கு நினைவிருந்தது.

பங்காளிச் சாவு என்றால் பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை தீட்டு. அதற்குள் அந்த வீட்டுச் சட்டி மடைப்பள்ளிக்குள் நுழைந்திருக்காது. வேறு யாரையாவது வைத்துத்தான் கோயில் சமாளித்திருக்கும். மூன்று நாளில் தலை முழுகிவிட்டுப் போய்ச் சட்டி கொடுத்தார்கள் என்றால் அது பெண் வழி உறவுக்குக் காக்கும் தீட்டு. தீட்டுக் காத்தது உண்மை. எத்தனை நாள் காத்தது என்பது காலப்போக்கில் உதிர்ந்துபோய், காத்தோம் என்பது மட்டும் பங்காளி என்ற முடிவாக இறுகியிருக்கிறது. இதை அவரிடம் அப்போதே சொல்லவில்லை. ஒருவர் நினைவை அவரே வைத்து மறுத்தால், அடுத்த அமர்வில் நினைவு ஒழுங்காக்கப்பட்டு வரும்.

குலதெய்வம் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் மூதாட்டியின் இரண்டாவது வாதம் அதுதான். இரு வீட்டாரும் நன்னிலத்து ஊரெல்லையில் உள்ள அய்யனாருக்கே படையல் போடுகிறார்கள், வரி கொடுக்கிறார்கள். பொதுவாக ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி என்று கொள்வது தவறாகாது, ஏனென்றால் குலதெய்வம் ஆண் வழியில் வருவது. ஆனால் வேளார் குடும்பங்கள் அய்யனார் கோயிலுக்கு வெறும் வழிபடுவோர் மட்டும் அல்லர். புரவி செய்கிறவர்கள் அவர்கள். பல ஊர்களில் பூசாரிகளும் அவர்களே. சக்கரத்தையும் சூளையையும் பகிர்ந்துகொண்ட வீடு அய்யனாரையும் பகிர்ந்துகொள்ளும். காரைக்கால் வீட்டுப் பெண்களிடம் பேசியபோது இன்னொரு செய்தி கிடைத்தது. அவ்வீட்டுக் குழந்தைகளுக்கு முதல் மொட்டையை அய்யனாருக்குப் போடுவதில்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள ஓர் அம்மன் கோயிலில் முதல் முடி இறக்கிவிட்டு, இரண்டாம் மொட்டையைத்தான் நன்னிலத்தில் போடுகிறார்கள். ஏன் என்று ஆண்களுக்குத் தெரியவில்லை. வழக்கம் என்றார்கள். குடும்பத்தின் பழைய குலதெய்வம் எது என்பது பெரும்பாலும் இப்படிப் பெண்கள் கையில் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பதிவேடுகள்

நன்னிலம் 1991 வரை தஞ்சாவூர் மாவட்டத்திலும், பிறகு நாகப்பட்டினம் மாவட்டத்திலும், 1997 முதல் திருவாரூர் மாவட்டத்திலும் இருந்துவருகிறது. பழைய கோப்பு எந்த அலுவலகத்தில் தங்கிவிட்டது என்பதைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை. 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது கணக்குக் கட்டுகள் எல்லாம் ஒழுங்காகக் கைமாறிவிடவில்லை என்பதும் இப்பகுதியில் தேடியவர்கள் அறிந்ததே. பட்டா, சிட்டா, அ பதிவேடு, 1920களின் மறு நிலவரித் திட்டப் பதிவேடு ஆகியவை மானியத்தின் புல எண்ணையும் பரப்பையும் உறுதிசெய்ய உதவின. நம் கேள்விக்கு அவற்றில் விடை இல்லை. இணையத்தில் எடுத்த வில்லங்கச் சான்று அவ்வளவு பழைய காலத்துக்குச் செல்லாததால் அதுவும் பயன்படவில்லை.

பயன்பட்டது இனாம் பதிவேடு. 1858இல் அமைக்கப்பட்ட இனாம் ஆணையத்தின் விசாரணையில் ஊர் ஊராக எழுதப்பட்ட அப்பதிவேடுகள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மானியம் யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது, இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, வாரிசு யார் என்ற விவரங்களுக்கு அதில் தனித்தனிப் பத்திகள் உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய எளிய குடும்பங்களைப் பற்றி, வயதோடும் வாரிசோடும் அரசு எழுதிவைத்த காகிதம் இதைப்போல் வேறில்லை. மானியமே இல்லாத குடும்பத்துக்கு இந்தக் கதவு திறக்காது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். டெல்டாவில் நிலத்தோடு ஒட்டியிருந்தவர்களின் வழிதான் காகிதத்தில் தொடர்கிறது. உழைத்தவர்களில் பெரும்பாலோருக்குக் காகிதம் இல்லை.

இக்குடும்பத்தின் பதிவு 1862ஆம் ஆண்டினது. அனுபவதாரர் முத்துக்குமாரன், வயது 58. மகன் வைத்தியநாதன், வயது 28. ஊழியம் நடக்கும்வரை மானியம் தொடரலாம் என்று உறுதிசெய்யப்பட்டிருக்கிறது. மகள்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவர்களுக்கு அங்கே இடமும் இல்லை.

அடுத்த சான்று சார்பதிவாளர் அலுவலகத்துப் பழைய பெயரகராதிப் புத்தகத்திலிருந்து கிடைத்தது. இம்மாகாணத்தில் பத்திரப்பதிவு அலுவலகங்கள் 1865 முதல் இயங்கிவருகின்றன. மானிய நிலத்தை விற்கமுடியாது என்பதால் அதைத் தேடிப் பயனில்லை. வேளார் தெரு மனைக்கட்டுகளைத் தேடினோம். விய வருஷம் ஐப்பசி மாதத்தில், அதாவது 1886இல், எழுதப்பட்ட கிரயப் பத்திரம் ஒன்றில் மனையை எழுதி வாங்கியவர் “சிதம்பரம் குமாரர் முத்துக்குமாரன்”. தொழில், மண்பாண்டம். விற்றவர் வேறு தெருக்காரர். நான்கு மாலில், அதாவது மனையின் நான்கு எல்லைகளில், மேற்கு எல்லையாக வருவது “வைத்தியநாதன் குமாரர் முத்துக்குமாரன் மனை”. ஒரே பெயருடைய இருவர் அடுத்தடுத்த மனைகளில், தனித்தனித் தந்தையர் பெயரோடு, ஒரே பத்திரத்தில் நிற்கிறார்கள். பத்திரத்தில் பெரிய, சின்ன என்ற அடைமொழி இல்லை. தந்தை பெயரே அவர்களைப் பிரித்துக் காட்டப் போதுமானதாக இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் பெண் வீட்டார் தரப்பில் ஒரு பெரியவர் நியாயமான ஐயம் ஒன்றை எழுப்பினார். மகள் பிள்ளையைத் தாத்தா சுவீகாரம் எடுத்திருந்தால் என்ன? மகள் மகனைத் தத்தெடுப்பதற்கு இச்சமூகங்களில் தடை இருந்ததில்லை. தத்துப் போனவர் தத்தெடுத்தவரின் ஆண் வழியில் சேர்ந்துவிடுவார், அப்போது பங்காளி என்பதே சரியாகிவிடும். ஆனால் பழைய இந்துச் சட்டத்தில் ஆண்பிள்ளை உள்ளவர் சுவீகாரம் எடுக்கமுடியாது. மூதாதை முத்துக்குமாரனுக்கு 28 வயதில் மகன் இருந்ததை இனாம் பதிவேடு காட்டுகிறது. அந்த மகனுக்கும் ஆண்பிள்ளை உண்டு என்பதை மனைப் பத்திரம் காட்டுகிறது. தத்தெடுக்கத் தகுதியுள்ளவர் அந்த வீட்டில் யாரும் இல்லை. தத்து நடந்திருந்தால் 1886இல் அவர் தம்மைச் சிதம்பரத்தின் மகன் என்று எழுதிக்கொண்டிருக்கவும் மாட்டார்.

பிரெஞ்சுப் பதிவேடு

காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த ஊர். 1954 நவம்பரில்தான் இந்தியாவோடு நடைமுறையில் இணைந்தது. டெல்டாக் குடும்பத்தின் ஒரு கிளை அந்தப் பக்கம் குடியேறியிருந்தால், அது வம்சாவளி தேடுபவருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். 1880ஆம் ஆண்டின் ஆணையால் பிரெஞ்சு முறைக் குடிமைப் பதிவு அங்கிருந்த இந்தியருக்கும் விரிவாக்கப்பட்டது. அதற்கும் இந்தப் பக்கத்துக் கிராமப் பிறப்பு இறப்புப் பதிவேட்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. நம் பக்கம் ஒரு வரியில் பெயர், வயது, நோய் என்று முடிந்துவிடும். அங்கே ஒவ்வொரு சாவுக்கும் முழு வாசகங்களாக ஒரு பத்திரம் எழுதப்படும். இறந்தவரின் தொழில், வசிப்பிடம், பிறந்த ஊர், தந்தை பெயர், தாய் பெயர், செய்தி சொல்ல வந்த இருவரின் பெயரும் வயதும் அதில் வரும். சொத்துக்கும் அதற்கும் நேர்த்தொடர்பு இல்லை. சாவைப் பதிய வந்தவருக்கு இறந்தவரின் தந்தை பெயரை மாற்றிச் சொல்ல எந்தக் காரணமும் கிடையாது.

சங்கடம் எழுத்தில்தான். தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு பிரெஞ்சு ஒலிக்கேற்ப எழுதியிருப்பார்கள். உகரத்துக்கு இரண்டு எழுத்து, சில பெயர்களின் முடிவில் ‘அன்’ என்பதற்கு ‘இன்’ என்று தோற்றும் எழுத்து, ஊர்ப் பெயரில் பாதி விழுங்கல். ஆண்டுதோறும் கடைசியில் உள்ள பெயர்வரிசையை மட்டும் நம்பாமல், திருநள்ளாற்றுக் கம்யூனின் (பிரெஞ்சு உள்ளாட்சிப் பகுதியின்) பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்ப்பதே பாதுகாப்பு. தொழிலைக் குறிக்கும் சொல்லைத் தேடுவது பெயரைத் தேடுவதைவிட விரைவாகப் பலன் தந்தது, ஏனெனில் குயவர்கள் அந்தக் கம்யூனில் சில வீடுகளே இருந்தார்கள்.

1903ஆம் ஆண்டு செப்டம்பர் இரண்டாம் வாரத்துப் பத்திரம் ஒன்று சின்ன முத்துக்குமாரனுடையது. குயவர், வயது ஏறத்தாழ 55, பிறந்தது ஆங்கிலேயர் எல்லையில் உள்ள நன்னிலத்துச் சிற்றூர். தந்தை காலஞ்சென்ற சிதம்பரம். தாய் காலஞ்சென்ற தையல்நாயகி. செய்தி சொன்ன இருவரில் ஒருவர் மகன் சிதம்பரம். அவர் தமிழில் கையெழுத்திட்டிருக்கிறார். நடுங்கிய கை, ஆனால் எழுத்துத் தெளிவு.

தையல்நாயகி என்ற பெயர் அதுவரை எங்கள் பேச்சில் வரவே இல்லை. நன்னிலத்து வீட்டில் அப்படி ஒருவர் இருந்ததாக யாருக்கும் தெரியாது. இனாம் பதிவேட்டில் இல்லாத மகள், மானிய மனுவின் பட்டியலில் இல்லாத மகள், எல்லைக்கு அப்பால் தம் மகன் இறந்த நாளில் ஓர் அந்நிய மொழிப் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறார். காரைக்கால் வீட்டில் இப்பெயரைச் சொன்னவுடன், பெண்ணின் பாட்டி, தம் மாமியாருக்கும் நாத்தனாருக்கும் இதே பெயர் என்றார். மூத்த பெண்களுக்குத் தலைமுறை விட்டுத் தலைமுறை இட்டுவந்த பெயர் அது.

இது அதே முத்துக்குமாரன்தானா, பெயரொத்த வேறொருவரா என்று உறுதிசெய்ய ஒரு வழி மீதமிருந்தது. காரைக்கால் குடும்பத்தார் அவருக்கு ஆண்டுதோறும் ஆவணி மாதத் தேய்பிறைச் சப்தமியில் திதி கொடுத்துவருகிறார்கள். இறந்த ஆண்டு அவர்களுக்குத் தெரியாது. திதி மட்டும் தெரியும். 1903ஆம் ஆண்டு சோபகிருது வருஷம். அந்த ஆண்டு ஆவணித் தேய்பிறைச் சப்தமி எந்த நாளில் விழுந்தது என்று பார்த்தபோது, செப்டம்பர் இரண்டாம் வாரத்தில், பத்திரத்துத் தேதியோடு ஒத்துவந்தது. இத்தகைய கணக்குக்கு எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை வகுத்த நாட்கணிதப் பட்டியல்கள் இன்றும் கைகொடுக்கின்றன. திதி நள்ளிரவில் மாறுவதில்லை, ஆகவே ஒரு நாள் முன்பின் வந்தால் தள்ளிவிடக்கூடாது. இங்கே அதற்கும் தேவை எழவில்லை. ஒரு மாதத்தில் முப்பது திதிகள், ஆண்டில் பன்னிரண்டு மாதங்கள். பெயர், தொழில், பிறந்த ஊர் மூன்றும் ஒத்த ஒருவர், மாதமும் திதியும்கூடத் தற்செயலாக ஒத்திருப்பார் என்று நம்புவது கடினம். நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் எழுத்தில் இல்லாமல் வாய்வழியாக மட்டும் காக்கப்பட்ட ஒரு நாள், கடல் கடந்து வந்த அரசின் பதிவேட்டோடு பொருந்தியது.

வயதுக் கணக்கு கடைசி முடிச்சையும் அவிழ்த்தது. சின்ன முத்துக்குமாரன் பிறந்தது 1848ஐ ஒட்டி. பட்டியல் அவருக்குத் தந்தையாகக் காட்டும் வைத்தியநாதன் 1862இல் 28 வயதினர், எனவே 1834ஐ ஒட்டிப் பிறந்தவர். பதினான்கு வயதில் அவர் தந்தையாகியிருக்க முடியாது. பழைய பதிவேடுகளில் வயது ஐந்தாறு ஆண்டு பிசகும் என்பது உண்மையே. ஆனால் பெரிய முத்துக்குமாரனின் இறப்புப் பதிவு 1926இல் அவருக்கு வயது 60 என்கிறது, அதாவது 1866ஐ ஒட்டிப் பிறந்தவர். “பெரிய”வர் “சின்ன”வரைவிட ஏறத்தாழ பதினெட்டு வயது இளையவர்! உடன்பிறந்தவர்களாக இருந்தால் இந்த அடைமொழிகள் நேர்மாறாக அல்லவா அமைந்திருக்கவேண்டும். பிற்காலத்தார், மானியத்தின் மூல வீட்டைப் பெரிய என்றும், மகள் வழி வந்த வீட்டைச் சின்ன என்றும் குறித்திருக்கிறார்கள்.

மகள் மகனுக்கு மானிய ஊழியத்தில் பாதிப் பங்காகிய ஆறு மாத முறை எப்படி வந்தது என்பதற்குப் பத்திரம் இல்லை. வைத்தியநாதன் தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876-77இல், இறந்தார் என்று நன்னிலத்து வீட்டில் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அது மெய்யானால் அவர் மகனுக்கு அப்போது பத்து வயது. சக்கரம் சுற்றத் தெரிந்த ஆண் அந்த வீட்டில் 28 வயது அத்தை மகன் ஒருவர்தான். ஊழியம் நின்றால் மானியம் போய்விடும். இனாம் பதிவேடே அப்படித்தான் சொல்கிறது. அவர் ஊழியத்தை எடுத்து நடத்தி, மாமன் மகன் வளர்ந்த பின்பு பாதி முறையைத் தமக்கு வைத்துக்கொண்டிருக்கலாம் என்பது என் கருத்து. முடிவுக்கு இது தேவையில்லை என்பதால் அறிக்கையில் இதைத் தனியாகவே எழுதிக்கொடுத்தேன்.

முறை பார்த்தது

முடிவு இரு வீட்டார் முன்னிலையில், மூதாட்டியையும் வைத்துக்கொண்டு சொல்லப்பட்டது. பத்திரங்களை அவர் அதிகம் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் நாள் சட்டி கொண்டுபோனதை அவர் சொன்னபடியே திரும்பச் சொன்னபோது சிறிது நேரம் யோசித்து, “ஆமாம், பதினாறுன்னா அப்பா போயிருக்க மாட்டாரே” என்றார். தையல்நாயகியைத்தான் அவர் விடவில்லை. எந்த ஊருக்குக் கொடுத்தார்கள், ஏன் பிள்ளை மாமன் வீட்டில் வளர்ந்தான் என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் எழுப்பிய கேள்வி, அனுபவப்பட்டவர்கள் மட்டுமே எழுப்புவது. அத்தை வழி என்றால் கொள்வினை உண்டு, சரி. ஆனால் படி ஒத்துவருகிறதா? பெண் ஒரு படி மேலே இருந்தால் அத்தை முறையோ அம்மா முறையோ ஆகிவிடும். வைத்தியநாதனும் தையல்நாயகியும் உடன்பிறந்தார். அவர்கள் பிள்ளைகள் மாமன் மகன், அத்தை மகன். ஆண் வழியாகவே இரு பக்கமும் இறங்கினால் ஒவ்வொரு படியிலும் ஒருவருக்கொருவர் மைத்துனர் முறை மாறாது. மூதாட்டி விரல்விட்டு எண்ணினார். வைத்தியநாதனிலிருந்து மாப்பிள்ளை ஏழாம் படி. தையல்நாயகியிலிருந்து பெண்ணும் ஏழாம் படி. முறைப்பெண்தான் என்று அவரே தீர்ப்புச் சொன்னார்.

மானிய மனுவின் பட்டியலைக் கிழித்துவிடலாம் என்று இளையவர்கள் சிலர் சொன்னார்கள். அது கூடாது என்று அறிவுறுத்தினேன். அன்றைய உரிமைக் கோரிக்கைக்கான ஆவணம் அது, நிலத்தின் வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. திருத்திய வம்சாவளி தனித்தாளில் எழுதப்பட்டது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அது எந்தப் பத்திரத்திலிருந்து, அல்லது யார் சொல்லக் கேட்டு எழுதியது என்பதும், கேட்ட நாளும் குறிக்கப்பட்டன. பெண்மக்கள் பெயர்களைக் கேட்டுச் சேர்க்கும் வேலை இன்னும் நடக்கிறது. காரைக்கால் வீட்டுப் பாட்டியிடமிருந்து மட்டும் இதுவரை எழுதப்படாத பதினொரு பெயர்கள் கிடைத்திருக்கின்றன. பூ வைக்கும் சடங்கைத் தை மாதத்துக்குக் குறித்திருக்கிறார்கள்.